பழைய கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி? நியூயார்க் மாநிலத்துக்கான முழுமையான வழிகாட்டி

நியூயார்க் மாநிலத்தில், குறிப்பாக ஃபிஷ்கில், பொக்கிப்ஸி சுற்றுவட்டாரத்தில் வசிக்கும் நம்மவர்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காட்டிலோ சாலை ஓரத்திலோ சாய்ந்து கிடக்கும் பழைய கல்லறைக் கற்களைப் பார்த்திருப்பார்கள். பிள்ளைகள் சாரணர் இயக்கத்தின் ஈகிள் ஸ்கவுட் பணிக்கோ பள்ளி வரலாற்றுப் போட்டிக்கோ அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வாளியும் பிரஷுமாகப் போய் நிற்கிறார்கள். வேலையின் வரிசை அதற்கு நேர் எதிரானது. முதலில் காகிதம், அடுத்து மனிதர்கள், அப்புறம் கல். சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்த ஊர்கள் இருக்கும் டச்சஸ் கவுண்டியை (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) உதாரணமாக வைத்துத்தான் எழுதுகிறேன். மாநிலத்தின் மற்ற கவுண்டிகளுக்கும் இதே முறை பொருந்தும்.

## 1. இடம் எந்த நிர்வாகத்தில் வருகிறது என்று உறுதி செய்யுங்கள்

தபால் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்ப வேண்டாம். ஹோப்வெல் ஜங்ஷன் என்பது முகவரிக்கான பெயர்தான், அதற்கென்று தனி நிர்வாகம் கிடையாது. அந்தப் பகுதி ஈஸ்ட் ஃபிஷ்கில் டவுனைச் சேர்ந்தது. டவுன் என்பது கவுண்டிக்குள் வரும் உள்ளாட்சிப் பிரிவு. வாப்பிஞ்சர்ஸ் ஃபால்ஸ் வில்லேஜின் ஒரு பகுதி வாப்பிஞ்சர் டவுனிலும் இன்னொரு பகுதி பொக்கிப்ஸி டவுனிலும் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டு வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

கவுண்டியின் நிலவரி வரைபடத் தளத்தில் அந்த இடத்தைத் தொட்டால் டவுன் பெயர், மனை எண், உரிமையாளர் பெயர் மூன்றும் கிடைக்கும். மூன்றையும் குறித்து வையுங்கள்.

அடுத்து, பழைய எல்லைகளைப் பாருங்கள். ஈஸ்ட் ஃபிஷ்கில் 1849-ல்தான் ஃபிஷ்கில்லிலிருந்து பிரிந்தது. வாப்பிஞ்சர் பிரிந்தது 1875-ல். பட்னம் கவுண்டி 1812 வரை டச்சஸ் கவுண்டியின் பகுதி. ஆக, இன்றைய ஹோப்வெல் ஜங்ஷனில் 1830-ல் இறந்தவரின் ஆவணங்களை ஃபிஷ்கில் பெயரில்தான் தேட வேண்டும். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்த டவுன், எந்தக் கவுண்டி என்று ஒரு தாளில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு தேடலுக்கும் இந்தத் தாள் தேவைப்படும்.

## 2. யாருடைய கல்லறை, யார் பொறுப்பு என்று பிரியுங்கள்

தேவாலயத்தை ஒட்டியது, பண்ணைக் குடும்பத்தின் தனி இடுகாடு, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சபையுடையது, லாப நோக்கற்ற கல்லறைக் கழகம் நடத்துவது, டவுனே வைத்திருப்பது என்று பல வகை உண்டு. வகை மாறினால் பதிவேடு இருக்கும் இடமும் மாறும். தேவாலயக் கல்லறை என்றால் சபைப் பதிவேடு. கழகம் என்றால் அதன் அலுவலகத்தில் மனை விற்ற பேரேடு. அந்தக் கழகங்களை மாநிலத்தின் கல்லறைப் பிரிவு மேற்பார்வை செய்கிறது. குடும்ப இடுகாட்டுக்குப் பதிவேடு என்று ஒன்று இருக்கவே இருக்காது. நிலப் பத்திரமும் உயிலும்தான் கதி.

கவனிக்க ஆளில்லாமல் போன பழைய இடுகாடுகள் டவுனின் பொறுப்புக்கு வர மாநில டவுன் சட்டத்தின் 291-ஆம் பிரிவு வழி செய்கிறது. அப்படி வந்தவற்றில் ஆண்டுதோறும் புல்லும் களையும் வெட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு கல்லறை புதர் மண்டிக் கிடப்பதாலேயே அது கேட்பாரற்ற இடம் ஆகிவிடாது.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் காரணம், அனுமதி. தனியார் நிலத்துக்குள் இருந்தால் நில உரிமையாளரிடம் கேட்க வேண்டும். டவுன் இடம் என்றால் கற்களைத் தொடுவதற்கு டவுன் போர்டு சம்மதிக்க வேண்டும். எழுத்தில் வாங்குங்கள், மின்னஞ்சலாக இருந்தாலும் போதும்.

## 3. டவுன் ஹிஸ்டோரியனை அணுகுங்கள்

இந்த மாநிலத்தில் ஒவ்வொரு நகரம், டவுன், வில்லேஜுக்கும் அதிகாரபூர்வமாக ஒரு வரலாற்றாளர் இருக்க வேண்டும் என்று 1919-ல் சட்டம் வந்தது. டவுனில் சூப்பர்வைசரும் நகரத்திலும் வில்லேஜிலும் மேயரும் நியமிக்கிறார்கள். கவுண்டிக்கும் ஒருவர் இருப்பார், ஆல்பனியில் மாநில வரலாற்றாளர் இருக்கிறார். பலர் பகுதி நேரமாகவோ சம்பளமே இல்லாமலோ இந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களிடம் உதவி கேட்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது மரியாதை.

ஊர் தொடர்பான ஆவணங்களைத் திரட்டுவது, தீப்பிடிக்காத பெட்டகத்தில் பத்திரப்படுத்துவது, ஆண்டுதோறும் அறிக்கை தருவது ஆகியவற்றைச் சட்டம் அவர்களுக்குக் கடமையாக வைத்திருக்கிறது. அதனால் இணையத்தில் எங்கும் கிடைக்காத சில விஷயங்கள் அவர்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம். முந்தைய வரலாற்றாளர் தட்டச்சு செய்து வைத்த கல்லறைப் பட்டியல், கைப்பட வரைந்த படம், வேறு மாநிலங்களிலிருந்து வாரிசுகள் எழுதிய கடிதங்கள், கல் உடைவதற்கு முன் எடுத்த புகைப்படம் என்று எதுவும் இருக்கலாம்.

அவர்கள் வேலை இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்காகக் குடும்ப மரம் தேடிக் கொடுப்பது அவர்கள் கடமை இல்லை. கல்லறைக்குள் போக அனுமதி தரும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. டவுன் கூட்டக் குறிப்புகளுக்கும் இறப்புப் பதிவேட்டுக்கும் டவுன் கிளார்க்கைப் பார்க்க வேண்டும். ஊர் வரலாற்றுச் சங்கம் என்பது பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவில் நடக்கும் தனி அமைப்பு. டவுன் ஹிஸ்டோரியனும் அதில் உறுப்பினராக இருக்கலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல, இரண்டின் அலமாரிகளும் வேறு வேறு. இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும்.

பலரும் அனுப்பும் முதல் மின்னஞ்சல் இப்படி இருக்கிறது: "இந்தக் கல்லறை பற்றி உங்களிடம் உள்ள எல்லாத் தகவலையும் அனுப்ப முடியுமா?" இதற்குப் பதில் எழுதுவது யாருக்கும் கஷ்டம். எங்கே தொடங்குவது, எதை விடுவது என்று தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"இந்த மனை எண்ணில் உள்ள சிறிய இடுகாட்டைப் பற்றி ஆராய்கிறோம். வரைபடத்தில் புள்ளி வைத்து இணைத்திருக்கிறோம். 1924-ல் அச்சான பட்டியலைப் பார்த்துவிட்டோம். அதற்குப் பிறகு யாராவது கற்களைப் படியெடுத்திருக்கிறார்களா, அந்தப் படி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். உங்களுக்கு வசதியான நாளில் நேரில் வந்து பார்க்கிறோம்."

(அந்த 1924 பட்டியல் எது என்பது அடுத்த பகுதியில் வருகிறது.) கேள்வி ஒன்றே ஒன்று. நீங்கள் ஏற்கெனவே என்ன பார்த்தீர்கள் என்பதும் இருக்கிறது. இதைப் படிப்பவர் எழுந்து எந்த அலமாரியைத் திறக்க வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நேரில் போகும்போது பென்சில் கொண்டுபோங்கள், பழைய காகிதத்தின் அருகில் பேனா கூடாது. படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் அதன் உறைப் பெயர் தெரியும்படி ஒரு படம் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

கிளம்பும் முன் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். உங்களுக்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்தவரின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன? இந்தக் கல்லறையைப் பற்றி இதற்கு முன் யார் கேட்டு வந்தார்கள்? என் பார்வையில் இரண்டாவது கேள்விதான் பெரிய கதவு. அதன் வழியாகத்தான் வாரிசுகள் கிடைக்கிறார்கள். அவர்களிடம் குடும்ப பைபிளில் எழுதிய பிறப்பு, இறப்புத் தேதிகள் இருக்கலாம்.

## 4. முன்பு எடுத்த படிகளைத் தேடுங்கள்

இன்று படிக்க முடியாத கல்லை நூறு வருடத்துக்கு முன் ஒருவர் படித்திருக்கலாம். டச்சஸ் கவுண்டிக்கு இந்த விஷயத்தில் பெரிய அதிர்ஷ்டம். பவுச்சரும் ஹெலன் ரெனால்ட்ஸும் திரட்டிய சுமார் 19,000 கல்லறை வாசகங்கள் 1924-ல் புத்தகமாக வந்தன. மற்ற கவுண்டிகளில், அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் அமைப்பினர் எடுத்து வைத்த தட்டச்சுத் தொகுதிகளை ஆல்பனியில் உள்ள மாநில நூலகத்தில் பாருங்கள்.

களத்துக்குப் போகும் முன் இந்தப் படிகளை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசகங்களை அதிலிருந்து அப்படியே நகல் செய்யாதீர்கள். முதலில் கல்லை நீங்களே படித்து எழுதிவிட்டு, அப்புறம் ஒப்பிடுங்கள். அச்சில் இருப்பதைப் பார்த்துவிட்டால் கண் அதையேதான் கல்லிலும் காணும்.

ஃபைண்ட் எ கிரேவ் போன்ற தளங்களையும் பாருங்கள். அவற்றில் உள்ள புகைப்படம் சான்று. படம் இல்லாமல் தேதி மட்டும் இருந்தால் அது தேடுவதற்கான குறிப்பு, அவ்வளவுதான்.

## 5. நிலத்தின் கதையைத் தொடருங்கள்

குடும்ப இடுகாடு என்றால் இந்தத் தேடல் இல்லாமல் வேலை நகராது. இன்றைய உரிமையாளரிலிருந்து தொடங்கி, வாங்கியவர், விற்றவர் என்று பின்னோக்கிப் பத்திரம் பத்திரமாகப் போக வேண்டும். பத்திரங்கள் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் இருக்கும்.

நான்கெல்லையை விவரிக்கும் பகுதியின் கடைசி வரிகளைக் கூர்ந்து படியுங்கள். "நான்கு ராட் சதுர இடுகாடு நீங்கலாக" என்கிற மாதிரி ஒரு வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு ராட் என்பது பதினாறரை அடி. பல புதியவர்கள் முதல் பக்கத்தில் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு திருப்பிவிடுகிறார்கள், இந்த வரி தப்பிப் போகிறது.

19-ஆம் நூற்றாண்டு வரைபடங்களையும் சேர்த்துப் பாருங்கள். டச்சஸ் கவுண்டிக்கு 1867, 1876 ஆகிய ஆண்டுகளின் அட்லஸ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வீட்டுக்கு வீடு குடும்பப் பெயர் அச்சிட்டிருப்பார்கள். இடுகாட்டுக்கு அருகில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் வரும் பெயரும் பொருந்தினால், யாருடைய குடும்பம் என்பதில் பாதிக் கேள்வி தீர்ந்தது.

## 6. களப்பணி: முதலில் வரைபடம், பிறகு படம்

ஏப்ரலிலோ நவம்பரிலோ போங்கள். இலை இல்லாத காலத்தில்தான் தரையின் மேடு பள்ளம் தெரியும். நவம்பர் நடுவில் மான் வேட்டை தொடங்கிவிடும் என்பதால் காட்டுப் பக்கம் ஆரஞ்சு நிற மேலாடை அவசியம். டச்சஸ் கவுண்டியில் உண்ணி மூலம் பரவும் லைம் நோய் அதிகம். முழுக்கால் உடை, காலுறைக்குள் செருகிய பேண்ட், வீட்டுக்கு வந்ததும் உடம்பைப் பரிசோதிப்பது எல்லாம் கட்டாயம், குழந்தைகளுக்கு இன்னும் கவனமாக.

எடுத்துச் செல்ல வேண்டியவை: அளவு நாடா, திசைகாட்டி, கிளிப் வைத்த அட்டை, பென்சில், கைபேசி, நீளமான நிலைக்கண்ணாடி ஒன்று, தரையில் நட்டுப் பிடுங்கக்கூடிய சின்னக் கொடிகள்.

முதலில் எந்தக் கல்லையும் படிக்காமல் இடம் முழுவதையும் வரையுங்கள். மாறாத ஒரு புள்ளியை, உதாரணமாக வடமேற்கு மூலைச் சுவரை, தொடக்கமாக வைத்து வரிசைக்கும் கல்லுக்கும் எண் கொடுங்கள். எழுத்தில்லாத கரட்டுக் கல்லுக்கும் எண் உண்டு. யார் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே ஒரு சான்று. குடும்ப உறவுகள் பல நேரம் அடுத்தடுத்த இடத்திலிருந்துதான் தெரியவரும். படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் அது போய்விடும்.

ஒவ்வொரு கல்லுக்கும் முழுக் கல், எழுத்து, பின்பக்கம், சுற்றுப்புறம் என்று நான்கு படங்கள். பெரும்பாலான பழைய கற்கள் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். அதனால் நண்பகலை ஒட்டி, வெயில் தெற்கிலிருந்து கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் எழுத்து நன்றாக எழும். நிழலில் இருக்கும் கல்லுக்கு, ஒருவர் சற்றுத் தள்ளி நின்று கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டிலிருந்து திருப்பிவிட வேண்டும். கண்ணாடியை மெல்ல அசைக்க அசைக்க, வெறும் வெள்ளைப் பலகையாகத் தெரிந்த பளிங்கில் ஒரு ஆண்டின் நான்கு எண்களும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

மாவு, சுண்ணக்கட்டி, ஷேவிங் நுரை எதையும் கல்லில் பூசக் கூடாது. மேலே தாள் வைத்துத் தேய்த்துப் படியெடுப்பதும் வேண்டாம். உதிரத் தொடங்கிய பளிங்கு அந்த அழுத்தத்திலேயே போய்விடும்.

## 7. இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள்

வரிக்கு வரி, கல்லில் உள்ள எழுத்துப் பிழையோடு எழுதுங்கள். படிக்க முடியாத இடத்துக்குச் சதுர அடைப்பு, ஊகத்துக்குக் கேள்விக்குறி. தேய்ந்த பளிங்கில் 3, 8 இரண்டும், 1, 4, 7 மூன்றும் குழம்பும். 18-ஆம் நூற்றாண்டுக் கற்களில் நீண்ட எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும்.

'ரிலிக்ட்' என்று இருந்தால் கணவருக்குப் பின் இறந்த விதவை. 'கன்சார்ட்' என்றால் கணவர் உயிரோடு இருக்கும்போதே இறந்த மனைவி. கணவரின் கல்லில் தேதி அழிந்துபோயிருந்தாலும், யார் முதலில் இறந்தார் என்பதை இது சொல்லிவிடும்.

கால்மாட்டில் நட்ட சின்னக் கல்லில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். அதைத் தனிக் கல்லறையாக எண்ணி, பட்டியலில் ஆட்களைக் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பிறந்த தேதியைக் கணக்கிட்டு வாசகத்துக்குள் சேர்க்காதீர்கள், தனிப் பத்தியில் எழுதுங்கள். காரணம் பாருங்கள். "மார்ச் 2, 1831-ல் இறந்தார், வயது 40 ஆண்டு 3 மாதம் 11 நாள்" என்று கல் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கழித்தால் 1790 நவம்பர் 21 வருகிறது. நாளிலிருந்து தொடங்கிக் கழித்தால் நவம்பர் 19. அந்தக் குடும்பம் எப்படிக் கணக்கிட்டது என்று யாருக்குத் தெரியும்? கல் சொன்னதையும் நீங்கள் கணக்கிட்டதையும் பிரித்து வைத்தால்தான் அடுத்து வருபவர் சரிபார்க்க முடியும்.

கல்லின் வகையையும் குறியுங்கள். மணற்கல்லும் ஸ்லேட்டும் 18-ஆம் நூற்றாண்டில் அதிகம், வெண்பளிங்கு 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, கிரானைட் அந்த நூற்றாண்டின் கடைசியில். நீலச்சாம்பல் நிறத்தில், தட்டினால் உள்ளே வெற்றிடம் போல ஒலித்தால் அது துத்தநாகம். கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் 1874 முதல் 1914 வரை அவற்றைச் செய்தார்கள். 1780-ல் இறந்தவருக்குக் கிரானைட் கல் இருந்தால் பேரன் பேத்திகள் பிற்பாடு நட்டது. அதிலுள்ள தேதிக்கு வேறு ஆதாரம் தேடுங்கள்.

## 8. பெயருக்கு உரிய ஆளைத் தேடுங்கள்

மாநில அளவில் இறப்புப் பதிவு 1880-களில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் தேடி அலைவது வீண்.

முதலில் உயில்களைப் பாருங்கள், அவை உயில்களைக் கவனிக்கும் சரகேட் நீதிமன்றத்தில் இருக்கும். ஒரே உயிலில் மனைவி, மக்கள், மருமக்கள் பெயர்கள் வந்துவிடும். அடுத்தது செய்தித்தாள். பொக்கிப்ஸி ஜர்னல் 1785-லிருந்து வருகிறது. மாநிலத்தின் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேடும் தளமும் உண்டு.

கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் 1850-க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். 1850 முதல் 1880 வரை, கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில் இறந்தவர்களின் தனிப் பட்டியலும் எடுத்தார்கள். 1855 மாநிலக் கணக்கெடுப்பு ஒருவர் எந்தக் கவுண்டியில் பிறந்தார், இந்த டவுனில் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்றுகூடச் சொல்லும். எல்லாக் கவுண்டிக்கும் எல்லா ஆண்டும் மிஞ்சவில்லை. ஆல்பனியில் மாநில நூலகம் 1911-ல் எரிந்ததில் நிறைய அழிந்தது. அதனால் மாநிலப் படி இல்லை என்றதும் விட்டுவிடாமல் கவுண்டிப் படியைக் கேளுங்கள்.

டச்சு சீர்திருத்த சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருப்பார்கள். கல்லில் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் இருக்கும் பெண்ணுக்கு, அவருடைய சொந்தப் பெயர் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். குவேக்கர்கள் என்றால் பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் உள்ள சபை ஆவணங்களைப் பாருங்கள். அவர்கள் மாதத்தைப் பெயரால் எழுதாமல் எண்ணால் எழுதினார்கள். 1752-க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச்.

## 9. கல் இல்லாதவர்களை விட்டுவிடாதீர்கள்

எழுத்துள்ள கற்களை எண்ணி முடித்ததும் பட்டியல் முடிந்தது என்று நினைப்பதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே வருத்தமானது. இந்த மாநிலத்தில் அடிமைமுறை 1827 ஜூலை 4 வரை இருந்தது. பண்ணை இடுகாட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் எழுத்தில்லாத கரட்டுக் கற்கள் அங்கே அடிமைகளாக உழைத்தவர்களுடையதாக இருக்கலாம். எஜமானரின் உயிலிலும் 1790 முதல் 1820 வரையான கணக்கெடுப்புகளிலும் அவர்களின் தடம் தேட முடியும்.

ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிங்ஸ்டனில், பைன் தெருவில் வீடுகளுக்குக் கீழே மறைந்திருந்த ஆப்பிரிக்கர்களின் இடுகாடு 1990-ல் மீண்டும் அடையாளம் காணப்பட்டது, 2019-ல் அந்த நிலம் மீட்கப்பட்டது. ஃபிஷ்கில்லில் புரட்சிப் போர்க்கால ராணுவக் கிடங்கு இருந்த இடத்தில், கல்லே இல்லாத வீரர்களின் கல்லறைகளை 2007-ல் அகழாய்வில் கண்டார்கள்.

தரையில் நீள்சதுரமாக அமுங்கிய பள்ளங்களையும் தரையோடு படர்ந்த வின்கா கொடியையும் வரைபடத்தில் குறியுங்கள். கரட்டுக் கல்லை நகர்த்தாதீர்கள். கம்பியால் குத்திப் பார்ப்பதும் தோண்டுவதும் உங்கள் வேலை இல்லை. எலும்பு தென்பட்டால் அப்படியே நிறுத்திவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

## 10. இப்போது சுத்தம் செய்யலாம்

அனுமதி கையில் இருக்கிறதா, எல்லாக் கல்லுக்கும் படம் எடுத்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நிறையத் தண்ணீர், மென்மையான நைலான் பிரஷ், பாசியைச் சுரண்ட மரக்குச்சி. தேய்ப்பது கீழிருந்து மேலாக. பிளீச், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் மூன்றும் கூடவே கூடாது. கல்லை விரலால் தொட்டுச் சர்க்கரை போல உதிர்ந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஆடும் கல்லை நிமிர்த்துவதும் உடைந்ததை ஒட்டுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. சிமென்ட் வைத்து ஒட்டியவை திரும்பவும் உடைந்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

## 11. ஒப்படையுங்கள்

வரைபடம், வாசகங்கள், படங்கள், ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து கிடைத்தது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரு கோப்பாக்கி டவுன் ஹிஸ்டோரியனிடம் கொடுங்கள். டிஜிட்டல் பிரதியோடு காகிதப் பிரதியும் வேண்டும். அவர் பதவியிலிருந்து விலகினாலும் அந்தக் காகிதம் டவுனின் ஆவணமாக அடுத்தவருக்குப் போகும். இன்னொரு பிரதியை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை நில உரிமையாளருக்கும் கொடுங்கள்.

1924 பட்டியலில் இருந்து, இன்று காணாமல் போன கற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எங்காவது ஒரு கொல்லையில் படிக்கல்லாகக் கிடப்பது என்றாவது தெரியவந்தால், அது எந்த வரிசையில் யார் பக்கத்தில் நின்றது என்று சொல்ல அந்தப் பக்கம் தேவைப்படும்.

சாலையோரத்தில் நீலமும் மஞ்சளுமான பெயர்ப்பலகை வைக்க ஆசைப்பட்டால், சிராக்யூஸில் உள்ள பொமராய் அறக்கட்டளை அதற்கு நிதி தருகிறது. பலகையில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் மூல ஆவணத்தின் நகல் கேட்பார்கள். ஐந்தாம் படியில் எடுத்த பத்திரமும் எட்டாம் படியில் எடுத்த உயிலும் அங்கே நேரடியாகப் பயன்படும். விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒரு முறை டவுன் ஹிஸ்டோரியனிடம் காட்டி, பலகை வாசகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.